வழி இல்லை என்று சொன்ன மகளுக்கு

மோளே,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டு இதை ஆரம்பிக்க முடியாது. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். பெட்டியை அடுக்குவதும் உன் அம்மாவோடு சண்டை போடுவதுமாக இருக்கிறாய். அவள் உள்ளே வைக்கும் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தை நீ வெளியே எடுக்கிறாய். நீ வெளியே எடுத்ததை அவள் ஸ்வெட்டருக்குள் சுருட்டித் திரும்பவும் வைக்கிறாள். நாளைக்கு எறணாகுளத்திலிருந்து உனக்குக் குவாஹாத்திக்கு ரயில். நான் முன்னறையில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாடகை பில் எழுதுகிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும்.

இதை மலையாளத்தில் எழுதியிருந்தால் நீ இரண்டு நிமிடத்தில் படித்து மடித்து வைத்துவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். எனக்கு அதுதான் வேண்டும். ரயில் நாள்கணக்கில் ஓடப்போகிறது, மெதுவாகப் படி. நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். இல்லையென்றால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய். இருபத்தெட்டு வயதாகியும் அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை. தமிழ் சமாஜத்து மேடையில் அன்று நடந்ததைப் பற்றி இன்றுவரை நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா நம்மால் தலைகுனிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நீ ரயில் ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பாடு.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். இந்த மட்டாஞ்சேரியில் கல்யாணம், பெருநாள், உற்சவம், கட்சிக் கூட்டம் எதுவென்றாலும் மைக்கும் விளக்கும் என்னுடையவை. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத பாராட்டுரை இல்லை. டாக்டருக்குப் படித்த பிள்ளை, கப்பலில் சேர்ந்த பிள்ளை, ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொன்றின் அப்பனும் மேடையில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தான். நான் சவுண்டு மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வயிறு எரிந்தது என்றே வைத்துக்கொள். என் மகளும் படிக்கிறாள், இவர்கள் பிள்ளைகளை எல்லாம்விடப் பெரிய படிப்பு படிக்கிறாள், ஆனால் அது என்ன படிப்பு என்று எவனுக்கும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாயாக்கடை ஹம்சாக்கா தினமும் கேட்பார், "மோளு எந்தா படிக்குன்னே?" என்று. பிசிக்ஸ் என்பேன். "அது கழிஞ்ஞில்லே?" என்பார். இன்னும் முடியவில்லை என்பேன். பாவம், பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு சாயா கூடுதலாகத் தருவார்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ களமசேரி ஹாஸ்டலிலிருந்து வந்தபோது உன்னைப் பிடித்து உட்காரவைத்தேன். இன்றைக்கு எனக்குப் புரியும்படி சொல்லாமல் உனக்குச் சோறு கிடையாது என்றேன். நான் ஒரு பழைய மைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், நீ என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாய். வானத்தில் இரண்டு இடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வெளிச்சமே போய்ச் சேர எத்தனையோ காலம் ஆகும். அந்த இரண்டையும் ஒரு குறுகலான கழுத்து இணைத்தால், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம். வார்ம்ஹோல், தமிழில் புழுத்துளை. கணக்கில் அப்படி ஒன்று வருகிறது, கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஈர்ப்பைப் பற்றி இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்ட விதிப்படி பார்த்தால் அந்தக் கழுத்து திறந்த மாத்திரத்தில் மூடிக்கொள்ளும், வெளிச்சம்கூட நுழைந்து வெளியே வர முடியாது. திறந்தே பிடித்துவைக்க வேண்டுமென்றால் ஒருவிதமான பொருள் வேண்டும். அதன் ஆற்றல் சூன்யத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அப்படியொரு பொருளை அந்த அளவுக்கு யாரும் எங்கும் கண்டதில்லை.

"அப்போ கதை முடிஞ்சுதே" என்றேன் நான். நீ சிரித்தாய். "அங்கதான்ப்பா ஆரம்பம். அந்த ஈர்ப்பு விதியவே கொஞ்சம் மாத்தி எழுதிப் பாக்கறவங்க இருக்காங்க. அப்படி மாத்தி எழுதினா, கழுத்தத் தாங்கிப் பிடிக்கற வேலைய ஈர்ப்பே பாத்துக்கும். அந்த வினோதப் பொருள் வேண்டாம், சாதாரணப் பொருளே போதும்." அப்படி மாற்றி எழுதிய கொள்கைகள் பல வகை உண்டென்றும், அதில் ஒரு வகையை நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னாய். உன் கணக்கில் அந்தக் கழுத்து திறந்திருக்கிறது, ஒரு மனுஷன் நசுங்காமல் போய் வரலாம் என்றும் சொன்னாய். அதை ஒரு கூட்டத்தில் நீ வாசித்ததும் ஜெர்மனியில் ஒரு புரொஃபசர் உன்னை அங்கே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்பதையும் அப்போதுதான் சொன்னாய். நீ இன்னொன்றும் சொன்னாய், "இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்குப்பா, அதையும் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்று. அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. விழுந்ததை நான் உள்ளே எடுத்துக்கொள்ளவில்லை. வழி திறந்திருக்கிறது, ஜெர்மனி கூப்பிடுகிறது, எனக்கு இது போதாதா?

அன்று சாயங்காலமே ஹம்சாக்கா கடையில் சொல்லிவிட்டேன். அதற்குள் நம் தமிழ் சமாஜத்தின் ஆண்டு விழா நெருங்கியது. செயலாளர் சுப்பையா மாமா வந்து, இந்த வருஷம் உங்கள் பெண்ணுக்குப் பாராட்டு வைக்கலாமா என்று கேட்டார். கேட்க வேண்டுமா? ஃப்ளெக்ஸ் வாசகத்தை நானே போய்ச் சொன்னேன். 'அண்டவெளிக்கு வழி கண்ட எங்கள் மகளுக்கு வாழ்த்துகள்.' தமிழில் மேலே, மலையாளத்தில் கீழே, நடுவில் உன் படம். வெறும் படமாக இருந்தால் எடுப்பாக இல்லை என்று கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு ராக்கெட்டையும் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ராக்கெட் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு ஃப்ளெக்ஸ், ஒன்று ஹால் வாசலில், ஒன்று நம் தெருமுனையில். அதைக் கட்டும்போது நானே ஏணியில் ஏறி நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினேன்.

இங்கே நான் ராக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே உனக்கு என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் நீ போட்ட கணக்கில் அந்தக் கழுத்தை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமுக்கிப் பார்த்திருந்தாய். அது திரும்ப நிமிர்ந்துகொண்டது. பாக்கி என்று சொன்னாயே, அந்தச் சோதனையில் கோணலாக, ஒரு பக்கமாக ஒரு சின்னத் தட்டு தட்டிப் பார்த்தாய். அந்தத் தட்டு அடங்கவில்லை. வளர்ந்துகொண்டே போனது, கழுத்து மூடிக்கொண்டது. எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் மூடியது. உன் கைடு நல்ல மனுஷர்தான். முதல் பாதி சரியான கணக்குதான், அதோடு நிறுத்திக்கொண்டால் பட்டத்துக்குப் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். நிறுத்தியிருந்தால் யாரும் உன்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ நிறுத்தவில்லை. இரண்டாம் பாதியையும் எழுதினாய். ஜெர்மனிக்காரருக்கும் நீயாகவே எழுதினாய், நீங்கள் எந்தக் கணக்கைப் பார்த்து என்னைக் கூப்பிட்டீர்களோ அது நிற்கவில்லை என்று.

இதெல்லாம் முடித்துவிட்டு விழாவுக்கு முந்தின நாள் ஆட்டோவில் வந்து இறங்குகிறாய். தெருமுனையில் நீயே ராக்கெட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். வீட்டுக்குள் வந்தபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? நான் அதை வெட்கம் என்று நினைத்தேன்.

"அப்பா, அத எடுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு எடுக்கணும்? நல்லாத்தானே இருக்கு."

"நான் வழி ஒண்ணும் கண்டுபிடிக்கல. இப்போ பாத்தா, வழி இல்லன்னுதான் வருது."

"அது உங்க காலேஜுக்குள்ள. இங்க யாரு வந்து கணக்குப் பாக்கப்போறா? நாளைக்கு ஒரு நாள் சிரிச்சிட்டு உக்காரு, ஷீல்டு வாங்கு, நாளன்னைக்கு நானே கழட்டறேன்."

"அப்போ நான் மேடையில சொல்லுவேன்."

"சொல்லு, சொல்லு" என்றேன். நீ சொல்ல மாட்டாய் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷமாக வளர்த்த பெண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. மைக் என்னுடையது, பெட்டி என்னுடையது, மிக்ஸரில் நான். மேடைக்கு வந்து உட்காருங்கள் என்று சுப்பையா மாமா கூப்பிட்டார், வேறு யாரையும் நம்பி மிக்ஸரை விட முடியாது என்று நான் போகவில்லை. உன் குரல் என் ஸ்பீக்கரில் வருவதைக் கேட்க வேண்டும், அதுவும் ஒரு காரணம். ஏ பிளஸ் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார்கள், பாட்டு ஒன்று, அதற்குப் பிறகு நீ. நீ எழுந்தாய், எல்லோருக்கும் வணக்கம் சொன்னாய். எவ்வளவு சுத்தமாகக் கேட்டது! பின்வரிசையில் இருந்தவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்ததாக நீ, "வாசல்ல இருக்கற ஃப்ளெக்ஸ்ல எழுதியிருக்கறது சரியில்ல" என்றாய்.

அப்போது என் கை செய்த காரியத்தை நீயும் பார்த்தாய், ஊரும் பார்த்தது. யோசித்துச் செய்தேனா என்று கேட்டால் இல்லை. யாராவது மேடையில் உளறினால், குடித்துவிட்டு வந்து பேசினால், செயலாளர் கண்ணைக் காட்டுவார், நான் மெல்ல வால்யூமைக் குறைப்பேன். மைக் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், பேசுகிறவர் இறங்கிவிடுவார். எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறேன். அன்று யாரும் எனக்குக் கண்ணைக் காட்டவில்லை. நானாகவே உன் மைக்கைக் குறைத்தேன். பெற்ற மகளின் குரலை, என் கையால்!

நீ மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நீ மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு வந்து நின்று வெறும் தொண்டையில் பேச ஆரம்பித்தாய். சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர்களை அம்மாக்கள் அடக்கினார்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். இந்த வேர்வையில் ஃபேனை நிறுத்தச் சொல்லி ஒரு கூட்டம் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இங்கேர்ந்து வல்லார்பாடம் தீவு கண்ணுக்கு எதிர்ல தெரியும். ஆனா ரோட்டுல போகணும்னா தோப்பும்படி போயி, எறணாகுளம் போயி, பாலம் ஏறி, சுத்திட்டுத்தான் போகணும். தண்ணிக்கு அடியில ஒரு சுரங்கம் வெட்டினா நேரா போயிடலாம். நான் பாத்த கணக்குல அப்படி ஒரு சுரங்கம் வருது. காத்து இல்ல, ஆட்டம் இல்லன்னா அது அழகா திறந்து நிக்கும். ஆனா மேல ஒரு லாரி ஓடி லேசா அதிர்ந்தாலும் மூடிக்கும். அந்தச் சுரங்கத்துல உங்க பிள்ளைய அனுப்புவீங்களா?"

மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருக்கிற செல்வி அக்கா முன்வரிசையிலிருந்து, "நான் எதுக்கு அனுப்பறேன்? எம் பிள்ள பஸ்ஸுலயே போவட்டும்" என்றாள். ஹாலே சிரித்தது, நீயும் சிரித்தாய். "அதத்தான் நான் எழுதியிருக்கேன் அக்கா" என்றாய். "வேற மாதிரி விதி எழுதினா வேற மாதிரி வரலாம், அது எனக்கு இன்னும் தெரியாது. நான் பாத்த வகையில வழி இல்ல. எங்க அப்பா ஆசைப்பட்டு அந்த ஃப்ளெக்ஸ் வெச்சாரு. அவர் மேல தப்பில்ல, நான் அவர்கிட்ட அவசரப்பட்டுச் சொன்னேன்." அப்படி ஒரு பொய் சொன்னாய் பார், அன்று முழுக்க நீ சொன்னதில் அது ஒன்றுதான் பொய். நீ அவசரப்படவில்லை. நான்தான் பாதியைக் காதிலிருந்து உதறினேன். வால்யூமைத் திரும்ப ஏற்ற என் விரல் மிக்ஸர் மேலேயே இருந்தது. ஏற்றினால் குறைத்தது நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் இருந்தால்தானே? ஊருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் சுப்பையா மாமா ஷீல்டோடு என் பக்கத்தில் வந்து, "இப்போ இத குடுக்கலாமா, வேண்டாமா?" என்று காதில் கேட்டார். என்னைக் கேட்டால்?

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊருல இருக்கற கழுத குதிரைக்கெல்லாம் மைக் குடுப்பீங்க, நம்ம மோள் பேசினா மட்டும் கை அரிக்குதோ? அந்தக் கைய முறிக்கணும்" என்றாள். எனக்கு அவமானம், அவமானம் கோபமாகத்தான் எனக்கு வெளியே வரும். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை, உன்னோடு பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. நேர்மையாக எழுதியதற்கு நன்றி, இந்த வருஷத்து இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று. நீ அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டியபோது நான் இந்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, யார் கேட்டார்கள் என்று இவள் எழுதினாள், வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் இந்நேரம் விசா வந்திருக்குமே என்று பொருமினேன். நீ அழுகிறாயா என்று காது கொடுத்துக் கேட்டேன். நீ அம்மாவிடம், "போனாப் போகட்டும், அது அந்தக் கணக்குக்கு வந்த இடம், எனக்கு வந்த இடம் இல்ல" என்றாய். குரல் கொஞ்சம் நடுங்கியது. வாழ்க்கை முழுவதும் குரலோடு பிழைக்கிறவன் நான், நடுங்கினால் எனக்குத் தெரியும். அது தெரிந்தும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. களமசேரியில் உன் ஆராய்ச்சியின் கடைசிப் பரீட்சை நடந்ததே, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று சொல்லியிருந்தாயே, அதற்கு நான் வந்திருந்தேன். வைட்டிலாவில் ஸ்பீக்கர் வாங்கப்போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் சட்டையும் வேஷ்டியுமாக வாட்டர் மெட்ரோ படகில் ஏறினேன். ஸ்பீக்கர் வாங்க எதற்குப் பட்டுக்கரை வேஷ்டி என்று அவள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த ஹாலின் மைக் இரைந்துகொண்டே இருந்தது. எழுந்து போய்ச் சரிசெய்யத் துடித்த கையை மடியில் அமுக்கிவைத்துக்கொண்டேன். இந்தக் கை இனி உன் மைக்குப் பக்கம் போகக் கூடாது.

என் ஆங்கிலம் ஆம்ப்ளிஃபயர் வரும் அட்டைப்பெட்டியில் இருக்கிற அளவுக்குத்தான். உன் படங்களும் கோடுகளும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்த அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டாரே, அப்போது எல்லோரும் அசையாமல் இருந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பையனிடம் என்ன கேட்கிறார் என்றேன். அவன் மலையாளத்தில் சொன்னான்: இத்தனை வருஷம் உழைத்து, கடைசியில் இது வேலை செய்யாது என்பதுதான் உங்கள் முடிவா என்று கேட்கிறார். அதே கேள்வியைத்தான் நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. பையன் உன் பதிலையும் சொன்னான். "ஆமாம் சார். இந்த வழியைத் தேடி இன்னொருவர் இத்தனை வருஷம் செலவழிக்க வேண்டியதில்லை." அந்தப் பெரியவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, பொன்னாடை இல்லை. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையன், "சேட்டா, சுகமில்லே?" என்று கேட்டான். அது என் மோள் என்றேன். அவன் எழுந்து எனக்குக் கை கொடுத்தான்.

நீங்கள் எல்லோரும் டீ குடிக்க வெளியே வருவதற்குள் நான் மெட்ரோவில் ஏறிவிட்டேன். உன் எதிரில் வந்து நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை மேடை பார்த்திருக்கிறேன். எல்லோரும் செய்ததையும் செய்யாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு இறங்குவார்கள். கையில் வந்ததை இது என்னுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்தவள் நீ ஒருத்திதான். எனக்குப் பெருமையாக இருக்கிறது மோளே. சும்மா பெருமை இல்லை, தெருவில் நடந்தால் நெஞ்சு முட்டுகிற பெருமை. ஷீல்டு வாங்கிய எந்த அப்பனோடும் இனி நான் இடம் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

புத்தி சொல்லாமல் ஒரு அப்பன் எழுதினால் அது கடிதமா? கேட்டுக்கொள். குவாஹாத்தியில் சம்பளம் குறைவு, இரண்டு வருஷத்து வேலை, ஜெர்மனி மாதிரி இல்லை என்று யாராவது சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போ, வாக்குவாதம் வேண்டாம். அங்கே வேறொரு வகை விதியை எடுத்துக்கொண்டு அந்தக் கழுத்து நிற்குமா என்று பார்க்கப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். நிற்கவில்லை என்று வந்தால் சொல்லு. ஆனால் இல்லை என்று சொல்வதிலும் ஒரு ருசி உண்டு, ஜாக்கிரதை. ஊரே ஆமாம் என்னும்போது எழுந்து நின்று இல்லை என்று சொன்னால் கிடைக்கிற ருசி. அதற்குப் பழகிவிடாதே. ஒருவேளை அது நின்றுவிட்டால், எத்தனை கோணத்தில் தட்டினாலும் நின்றுவிட்டால், அப்பா ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவாரே என்று பயந்து மறைக்காதே. தைரியமாகச் சொல். ஃப்ளெக்ஸ் வைக்க மாட்டேன். வைத்தாலும் வாசகத்தை உன்னிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வைப்பேன்.

அப்புறம், சாப்பாடு. அங்கே கடுகெண்ணெய், ஆற்று மீன். முகத்தைச் சுளிக்காமல் சாப்பிடு, பழகிவிடும். அம்மாவின் வறுவலை எடுத்துக்கொண்டு போ, வெளியே எடுத்து வைத்தால் அவள் அதை என்னிடம் கொடுத்து ரயில் ஜன்னல் வழியாகப் போடச் சொல்வாள், பிளாட்ஃபாரத்தில் ஓட எனக்கு முழங்கால் இல்லை. உன்னைப் பெண் கேட்டிருந்த பாலக்காட்டு வரன்காரர்கள், பெண் ஜெர்மனி போகவில்லையா என்று கேட்டுவிட்டு அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. உனக்கு யாரையாவது பிடித்தால் நேரே எங்களிடம் சொல்லு. நான் முதலில் கத்துவேன், அதைப் பொருட்படுத்தாதே, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போன் செய். உன்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அத எங்கிட்ட கேக்கறத விட அவகிட்ட கேட்டா என்ன?" என்றாள். கேட்கிறேன். அன்று மிக்ஸரில் செய்ததற்கும், கதவுக்குப் பின்னால் நின்றதற்கும், இரண்டுக்கும் சேர்த்து. நாளை ஸ்டேஷனில் இதைப் பற்றிப் பேசி என்னை அழவைக்காதே. பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டு, தண்ணீர் வாங்கித் தந்துவிட்டு, நான் எப்போதும்போல யாரையாவது திட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்று காலை சாயா குடிக்கப் போனேன். ஹம்சாக்கா கண்ணாடிக் கிளாஸை என் கையில் கொடுத்துக்கொண்டே, கடை முழுக்க ஆள் இருக்கும்போது, "ஜெர்மனியில்லாண்டு ஆஸாமிலேக்கா? மோளுடெ ஆ வழி அடஞ்ஞு போயி அல்லே?" என்று கேட்டார். கேலி இல்லை, வருத்தத்தோடுதான் கேட்டார். ஜெர்மனி இல்லாமல் அஸ்ஸாமா, அந்த வழி அடைபட்டுப்போய்விட்டதா என்று. முன்பென்றால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, மலையாளம் வாய்க்கு வராமல், தமிழிலேயே சொன்னேன்.

"ஆமா இக்கா. தெறந்திருக்குன்னு எல்லாரும் கை தட்டினப்போ, இல்ல, அது மூடிப்போகும்னு எழுந்து நின்னு சொன்னது என் மோளாக்கும்!"

இப்படிக்கு,
உன் அப்பா